வாயிற்படியில் நிற்கும் உரிமை

மலையகத் தமிழ் மக்கள் 1948 ஆம் ஆண்டில் குடியுரிமையை இழந்த நாள்முதல் எந்த உரிமையைக் கோரினாலும் “அதற்குச் சட்டத்தில் இடமுண்டா?” என்னும் வினாவே அவர்கள் முன் வீசப்பட்டு வந்தது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விடயத்தில் நிலைமை வேறு. சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த இடத்திற்கு ஏறிச்செல்லப் படிக்கட்டுத்தான் இல்லை.

உடற்குறையோ புலன்குறையோ உள்ள இளைஞரின் உயர்கல்வியையே குறிப்பிடுகின்றோம். முன்னர் அங்கவீனர் என்றோம். பின்னர் வலுவிழந்தோர் என்றோம். இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்கின்றோம். பெயர் மாறிய வேகத்தில் வேறெதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, வலுவிழந்த நிலையைக் காரணங்காட்டி எக்கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அவ்வாறு காட்டினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச்செய்ய 24 ஆம் பிரிவு வழிவிடுகிறது. அரசியலமைப்பின் 12(4) ஆம் உறுப்புரை இவர்களது முன்னேற்றத்திற்கெனத் தனியேற்பாடுகள் செய்வதை அனுமதிக்கிறது. நன்று. ஆயினும் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தலைமுதல் அடிவரை வாசித்தாலும், மாணவனின் குறைக்கேற்ற வசதியைச் செய்துகொடுப்பது நிறுவனத்தின் கடமை என்னும் வாசகத்தைக் காணோம். கதவைச் சாத்தாதே என்று கட்டளையிட்ட சட்டம், உள்ளே வந்தவனுக்கு இருக்கை போடு என்று சொல்லாது விட்டது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 24 ஆம் உறுப்புரை உயர்கல்வியிலும் நியாயமான வசதிகளை உறுதிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கின்றது. 2016 இல் அவ்வுடன்படிக்கைக்கு ஏற்பிசைவு அளித்த அரசு, இக்கடமையை நம் சட்டப் புத்தகத்தில் ஏற்றவேண்டாமா?

இதன் விளைவை எல்கடுவையில் நின்று பார்க்க வேண்டும். மாத்தளைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கிடையே உள்ள லயமொன்றில் பார்வையற்றுப் பிறந்த ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவள் பிரெயில் எழுத்தைக் கற்க விரும்பினால் 1912 இல் தோன்றிய இரத்மலானைப் பாடசாலைக்கோ, 1956 இல் தோன்றிய கைதடி நவீல்ட் பாடசாலைக்கோ தாயைப் பிரிந்து செல்லவேண்டும். கொழுந்து பறிக்கும் தாய் ஒருநாள் மகளைப் பார்த்துவரப் போனால் அந்நாளின் கூலி போயிற்று. அதையும் தாண்டி உயர்தரப் பரீட்சைக்கு அமர்ந்தால், அவள் சொல்லச் சொல்லத் தமிழில் பிழையின்றி எழுதக்கூடிய ஒருவர் கிடைக்கவேண்டும். பார்வையற்ற, மாற்றுத்திறனுடைய மாணவருக்கெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்திருக்கும் விசேட அனுமதியை அவள் எட்டுவது இத்தனைக்கும் பிறகே.

மற்றொன்றையும் இங்கே சொல்லிவைப்போம். கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஐந்து வீதம் தனியாக ஒதுக்கப்பட்டது. நுவரெலியா அப்பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. ஒரே கொழுந்து, ஒரே லயம், ஒரே வறுமை. மாவட்ட எல்லைக் கல் மட்டுமே வேறு!

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மாற்றுத்திறன் கற்கைகளுக்கென ஒரு துறை உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்விக்கென ஒரு துறை உண்டு. இவற்றைப் பாராட்டுகின்றோம். ஆனால் இத்துறைகளிற் பயின்று வெளியேறுவோரில் தமிழில் கடமையாற்றவல்லோர் எத்தனை பேர் என்று கேட்பதும் நம் கடமை. எல்கடுவைப் பிள்ளைக்கு மிக அருகிலுள்ள பேராதனையோ ஹந்தானை மலைச்சரிவில் அமைந்தது. அங்கே சக்கர நாற்காலியில் வருபவனுக்கு ஒவ்வொரு விரிவுரையும் ஒரு மலையேற்றம். அத்தகைய வளாகத்தில் உதவி என்பது அதிகாரியின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாயின், அதிகாரி மாற்றலாகிப் போனால் உதவியும் மாற்றலாகிப் போகும்.

அமெரிக்காவில் 1962 இல் எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளம்பிள்ளைவாதத்தால் கைகால் செயலிழந்து, மூச்சுக்கும் இயந்திரத்தை நம்பியிருந்தவர் அவர். ஏற்ற விடுதி இல்லாமையால் வளாக மருத்துவமனையிலேயே அவருக்கு இடமளித்தனர். அவரும் அவர்போன்ற மாணவரும் முயன்று 1970 இல் உதவித்திட்டமொன்றை நிறுவினர். உதவியாளரைத் தேடித் தருதல், ஏற்ற வீடு பார்த்தல், நாற்காலி பழுதுபார்த்தல் ஆகியவையே அதன் வேலை. வைத்தியர் வகுத்த திட்டமன்று அது. தேவை இன்னதென்று அறிந்தோர் தாமே வகுத்தது. அண்டை நாடான இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து வீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியதோடு, நியாயமான வசதி செய்ய மறுப்பதே பாரபட்சம் என்றும் வரையறுத்தது. நாம் கேட்பது அதற்கு மேற்பட்டதன்று.

ஆகவே 1996 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்படவேண்டும். வசதி செய்தல் கடமையாக எழுதப்படவேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தான் அளிக்கும் உதவி எது, அது தமிழிலும் கிடைக்குமா என்பதை விண்ணப்பக் காலத்துக்கு முன்னரே மூன்று மொழிகளிலும் அறிவிக்கவேண்டும். பாராளுமன்றத்திலுள்ள தமிழ் உறுப்பினர் இதைக் கட்சி வேறுபாடின்றி எழுப்பவேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாத்தளையிலும் கண்டியிலும் உள்ள தமிழ் ஆசிரியர்கள் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கலாம். பரீட்சையில் எழுதிக்கொடுக்க முன்வரலாம். தோட்டத்திலும் கிராமத்திலும் உள்ள பெற்றோர், குறையுள்ள பிள்ளையை வீட்டின் பின்னறையில் வைக்காது, கோட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்து, கிடைக்கும் பதிலையும் எழுத்திலேயே வாங்கிவைக்க வேண்டும். அனுமதி மறுக்கும் கடிதம் எவரிடமேனும் இருந்தால் அதனை எம்மிடம் கொண்டுவருக. 24 ஆம் பிரிவின்கீழ் மனுத்தாக்கல் செய்வதற்குக் கட்டணமின்றி வாதாட நாம் ஆயத்தமாக உள்ளோம்.