சுகர் இறங்க இறங்க நல்லதா?

பக்கவாதத்திலிருந்து தேறிவரும் சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில், காலையில் குளுக்கோமீட்டர் காட்டும் எண்தான் அன்றைய மனநிலையைத் தீர்மானிக்கிறது. 210 என்றால் எல்லோர் முகமும் வாடிவிடும். 78 என்றால், "அப்பாவுக்கு சுகர் நல்லா இறங்கிடுச்சு" என்று வெளியூரிலிருக்கும் மகனுக்குப் போன் போகும். பக்கவாதத்துக்குக் காரணமே சுகர், அதை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் கை, கால் திரும்பும், அடுத்த தாக்குதலும் வராது என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. ஒரு காலத்தில் மருத்துவர்களிலும் பலர் ஏறக்குறைய இதையே நம்பினார்கள். பிறகு அதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள்.

நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது சர்க்கரை உயர்ந்திருப்பவர்கள் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் தேறுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். ஆனால் சர்க்கரை உயர்ந்ததால் மூளை கூடுதலாகக் கெட்டதா, மூளை பலமாக அடிபட்டதால் சர்க்கரை உயர்ந்ததா? மூளை ரத்தக்குழாயில் அடைப்பு விழுந்ததும் உடல் கார்ட்டிசோலையும் அட்ரினலினையும் சுரந்து தள்ளுகிறது. கல்லீரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை ரத்தத்தில் இறக்குகிறது. சர்க்கரை நோயே இல்லாதவருக்குக்கூட அன்றைக்கு 180, 200 என்று காட்டலாம். ஆகவே இறக்கினால் பலன் உண்டா என்பதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2012 முதல் 2018 வரை நடந்த 'ஷைன்' ஆய்வு அதைச் செய்தது. ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்து, சர்க்கரையும் உயர்ந்திருந்த 1,151 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். அவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு நரம்பு வழியாக இன்சுலின் ஏற்றி, சர்க்கரையை 80-க்கும் 130-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தார்கள். மற்றப் பிரிவினருக்கு 180-க்குள் இருந்தால் போதும் என்று வழக்கமான ஊசியோடு விட்டார்கள். இந்தக் கட்டுப்பாடு அதிகபட்சம் 72 மணி நேரம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நன்றாகத் தேறியவர்கள் இறுக்கிப் பிடித்த பிரிவில் 20.5 சதவீதம், தளர்வாக விட்ட பிரிவில் 21.6 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் இதற்குப் பொருள். இனித் தொடர்ந்தாலும் பலன் தெரியப்போவதில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இறுக்கிப் பிடித்த பிரிவில் 15 பேருக்குச் சர்க்கரை 40-க்கும் கீழே போனது. மற்றப் பிரிவில் ஒருவருக்குக்கூட அப்படி நேரவில்லை.

அதற்கு முன்பே, 2012-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இன்னும் சங்கடமான முடிவைத் தந்திருந்தது. 180 நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றியவர்களுக்குச் சர்க்கரை என்னவோ நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் மூளையில் பாதித்த பகுதி, மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகமாக விரிந்திருந்தது. பக்கவாதம் அல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் கதை இதுவே. 6,104 நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான 'நைஸ்-சுகர்' ஆய்வில், இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாளில் இறந்தார்கள். தளர்வாக விட்டவர்களில் அது 24.9 சதவீதம்.

"அப்படியானால் 300-இல் இருந்தாலும் கவலையில்லையா?" என்று இங்கே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. கவலை உண்டு. அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல், முதல் 24 மணி நேரத்தில் சர்க்கரையை 140 முதல் 180 வரை வைக்கச் சொல்கிறது. 60-க்குக் கீழே போனால் உடனே ஏற்றச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்து, முடிவுகள் 2011-இல் வெளியாயின. அவற்றில் ஒரு பகுதியில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர்களே முதல் மூன்று நாள் விடாமல் கவனித்தார்கள். மூன்று மாதத்தில் இறந்தவர்கள், பிறரை நம்பி வாழும் நிலைக்கு வந்தவர்கள் இரண்டும் சேர்ந்து மற்றப் பிரிவுகளில் 58 சதவீதம், இவற்றில் 42 சதவீதம்தான். விலை உயர்ந்த மருந்து எதுவும் அதில் இல்லை. சர்க்கரைக்கு மட்டும் அந்தப் பெருமையைத் தரவும் முடியாது.

வீட்டில் அடுத்து கேட்கும் வாதம்: "சுகர் இறங்கினா அவரே சொல்லுவார். வேர்க்கும், படபடன்னு வரும், ஒரு சாக்லேட் குடுத்தா சரியாப்போகும்." மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். பக்கவாதம் வந்தவருக்கு இதன் ஒவ்வொரு வார்த்தையும் ஆபத்து. மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர் எப்படிச் சொல்வார்? வலப்பக்கம் அடிபட்ட சிலருக்குத் தன் உடலில் நடப்பதே கவனத்துக்கு வராது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் அடங்கிவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் தளர்ந்துபோதல் எல்லாமே தாழ்சர்க்கரையின் அடையாளங்கள்தான். "ஸ்ட்ரோக் வந்தவர், அப்படித்தான் இருப்பார்" என்று அவை கவனிக்கப்படாமலே போய்விடும். தாழ்சர்க்கரை பக்கவாதம் போலவே வேடம் போடும். அதனால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் எல்லோருக்கும் கட்டாயமாகப் பார்த்தாக வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனையாகச் சர்க்கரையை வைத்திருக்கிறார்கள்.

சாக்லேட் விஷயம் தனி. விழுங்கச் சிரமப்படுபவர் வாயில் எதைப் போட்டாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். மூக்குக் குழாய் இருந்தால் குளுக்கோஸ் தண்ணீரை அதன் வழியே விடலாம். இல்லையென்றால் 108-க்குத்தான் கூப்பிட வேண்டும். நன்றாக விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பது வழக்கம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்ச் சீட்டுகளில் அடிக்கடி வரும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் வோக்லிபோஸ் இருக்கும். அது வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. அதைச் சாப்பிடுபவருக்குச் சீனியும் சாக்லேட்டும் நேரத்துக்குக் கைகொடுக்காது. குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும்.

"சுகர் ஏறுதுன்னா வாயைக் கட்டலைன்னு அர்த்தம்." நோயாளியைக் குற்றவாளியாக்கும் இந்த வாக்கியம்தான் எல்லாவற்றிலும் அநியாயமானது. பக்கவாதத்துக்குப் பிந்தைய ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி நோயாளியின் நாக்குக்குத் தொடர்பே இல்லாதது. எட்டு மணிக்கு இன்சுலின் போட்டாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டார், கஞ்சி ஒன்பதரைக்குப் போகிறது என்றால், நடுவில் சர்க்கரை சரியாமல் என்ன செய்யும்? உடற்பயிற்சி செய்யும் தசை தானும் கொஞ்சம் குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. குழாய் அடைத்துக்கொண்டோ வாந்தி வந்தோ உணவு நின்ற நாளில் ஊசியை மட்டும் வழக்கம்போல் போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஏற்றத்துக்கும் இப்படிக் காரணங்கள் உண்டு. சிறுநீர்க் குழாயால் வந்த தொற்று, சளி கட்டி வந்த நிமோனியா, தோள்பட்டை வலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி எல்லாமே சர்க்கரையைத் தூக்கிவிடும். ஸ்டீராய்டின் விளைவு சில நாள் நீடிக்கும். இரண்டு நாளாகக் காரணம் தெரியாமல் 280, 300 என்று ஏறினால், யார் ஸ்வீட் கொடுத்தது என்ற விசாரணையைவிடக் காய்ச்சலும் சிறுநீரும் பார்ப்பது பயன்படும். "ராகிக் கஞ்சிதானே, ஏறாது" என்பதும் சரியில்லை. மாவாக அரைத்து, நன்றாகக் கொதிக்கவைத்து நீர்க்கக் கரைத்த கஞ்சி எந்தத் தானியமானாலும் வேகமாக ரத்தத்தில் சேரும்.

சர்க்கரை சரிவதற்குப் பழைய மருந்துச் சீட்டும் ஒரு காரணம். பக்கவாதத்துக்கு முன் மூன்று வேளை சோறு சாப்பிட்டவர் இப்போது அரை வயிறுதான் சாப்பிடுகிறார், எடையும் குறைந்திருக்கிறது. கிளிமெபிரைடோ கிளிபென்கிளமைடோ மட்டும் பழைய அளவிலேயே போகிறது. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இந்த மருந்துகள் உடலில் தங்கி, ஒருமுறை ஏற்றிய சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இறக்கும்.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்பார்கள். அந்த 7 சுமார் 154 என்ற சராசரிக்குச் சமம். நாளெல்லாம் 150-ஐ ஒட்டி நிற்பவருக்கும், 55-க்கும் 260-க்கும் இடையே ஆடுபவருக்கும் அது ஒரே எண்ணைக் காட்டக்கூடும். எல்லோரையும் 6-க்குத் தள்ளிப் பார்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதயநோய் இருந்த, அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த 10,251 சர்க்கரை நோயாளிகளிடம் 'அக்கார்ட்' ஆய்வு நடந்தது. இறுக்கிய பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்ததால், 2008-இல் இறுக்கத்தை நிறுத்தினார்கள். பல நோய்களோடு இருக்கும் முதியவருக்கு 8-க்குள் இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வதும் தாழ்சர்க்கரையை மனதில் வைத்துத்தான். ஐம்பது வயதில் நடமாடத் தொடங்கிவிட்டவருக்கு இலக்கு வேறாக இருக்கும். அதை மருத்துவர்தான் குறிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட் அல்ல.

ஆஸ்பத்திரியில் இன்சுலின் போட்டால் ஆயுளுக்கும் அதுதான் என்ற பயத்துக்கு அதிகம் பதில் தேவையில்லை. தொற்றும் அதிர்ச்சியும் அடங்கியபின் மாத்திரைக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

கடைசியாக, சுகரைக் கட்டினால் அடுத்த பக்கவாதம் வராது என்ற வாதம். பிரிட்டனில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த 'யுகேபிடிஎஸ்' ஆய்வின் முடிவுகள் 1998-இல் வந்தன. சர்க்கரையை இறுக்கியதால் கண், சிறுநீரகப் பாதிப்புகள் குறைந்தன. பக்கவாதம் குறையவில்லை. அதே ஆய்வில் இன்னொரு பகுதியில் 1,148 பேருக்கு ரத்த அழுத்தத்தைக் கவனித்தார்கள். 154/87 என்று இருந்தவர்களைவிட 144/82 என்று இறக்கியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைவு. தமிழ்நாட்டில் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கே வந்து பார்க்கப்படுகின்றன, படுத்திருப்பவருக்குப் பிசியோதெரபியும் உண்டு. சுகர் நோட்டில் மூன்று வேளையும் எண் எழுதும் குடும்பம், அந்த ஊழியர் வரும் நாளில் பி.பி. எண்ணையும் அதே பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம். மருத்துவர் அடுத்த முறை மாத்திரையை மாற்றும்போது இரண்டையும் கேட்பார்.