பெடல் விழுந்தால் பிளேட்டையா குற்றம் சொல்வது?

பழைய டொயோட்டா ஹைலக்ஸில் கிளட்ச் பெடல் தரையோடு போய், கியர் விழ மறுத்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்பது பல பட்டறைகளின் தீர்ப்பு. வண்டிக்கு வயதாகிவிட்டது, பிளேட் தேயக்கூடியது என்பது அவர்கள் வாதம். தேயும், சரி. தேய்ந்த பிளேட் என்ன செய்யும்? வழுக்கும். இன்ஜின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. இங்கே நடப்பது நேர் எதிர்: முழுதும் மிதித்தும் கிளட்ச் பிரியவில்லை, ரிவர்ஸ் போட்டால் பல் கரகரக்கிறது. பிடிக்காததும் பிரியாததும் ஒரே கோளாறா?

இரண்டாவது, பெடலை நாலைந்து முறை அடித்து மிதித்தால் கியர் விழுகிறது. மிதித்தால் தேய்ந்த பிளேட் சரியாகுமா? கிளட்ச் ஆயில் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. டப்பாவில் ஆயில் குறைந்தால் வெளிக்கசிவு. கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் பெரும்பாலும் ஈரம் தெரியும். ஆயில் குறையாமலே, மிதித்த பெடல் மெல்ல இறங்கினால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பிரஷர் பிளேட் உடைந்தாலும் பிரியாதே என்பார்கள். உண்மை, ஆனால் அப்போது ஸ்லேவின் தண்டு முழுத் தூரம் நகரும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் அடியில் பார்த்தால் போதும். பழைய ஃபோர்டு ரேஞ்சர் பலவற்றில் ஸ்லேவ் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கிறது. அதை மாற்ற இறக்கத்தான் வேண்டும். ஹைலக்ஸில் அது வெளியே, இரண்டு போல்ட்டில் நிற்கிறது. சீல் போடுமுன் சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவுங்கள். துருப்பள்ளம் தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்றுங்கள். புது டாட் 3 ஆயில் ஊற்றிக் காற்றெடுங்கள். தண்டு முழுதாக நகர்ந்தும் பிரியவில்லையா? அப்போது கியர்பாக்ஸை இறக்குங்கள்.