மண்கரை சொல்லும் கதை

ஜொகூர் லாமாவுக்குப் போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். ‘கோட்டை’ என்றதும் மலாக்காவின் கல்வாசல்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே கற்சுவரே கிடையாது. கோத்தா திங்கிக்குத் தெற்கே, ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு சிறு கம்பம். அதையொட்டிப் புல் மூடிய நீண்ட மண்கரை. அவ்வளவுதான். ஆனால், அந்த மண்கரைதான் ஒருகாலத்தில் ஒரு தலைநகரின் மதில்.

1511இல் மலாக்கா போர்த்துகீசியர் வசமானது. நாட்டை இழந்த சுல்தான் மஹ்மூத்தின் மகன் அலாவுதீன் ரியாயத் ஷா, 1540 வாக்கில் இந்த மேட்டில் நகரமைத்தார். ஆற்றில் வரும் கப்பலைத் தூரத்திலேயே பார்த்துவிடக்கூடிய இடம். வாணிபம் பெருகியது, அதுவே வினையும் ஆனது. 1587இல் போர்த்துகீசியப் படை நகரைத் தாக்கிக் கொளுத்தியது. அரசு, ஆற்றின் மேற்பகுதியிலிருந்த பத்து சாவாருக்கு இடம்பெயர்ந்தது.

வீடுகளெல்லாம் மரமும் அத்தாப்பும். தீயும் மழையும் கறையானும் தின்றது போக, என்ன மிஞ்சும்? 1950களில் அகழாய்வு செய்தவர்களுக்குக் கிடைத்தவற்றில் சீனப் பீங்கான் ஓடுகள் முக்கியமானவை. சுல்தானின் மாளிகை போய்விட்டது. யாரோ சோறுண்ட தட்டின் துண்டு நிலைத்துவிட்டது. அந்த ஓடுகள்தான் எந்தக் காலத்தில், யாரோடு வாணிபம் நடந்தது என்று இன்று சாட்சி சொல்கின்றன.

அந்தக் கரையில் நின்றபோது எனக்கு நம் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள், பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை எல்லாம் பலகையும் தகரமும்தானே? இடித்தால் ஒரே நாளில் தரைமட்டம். மிஞ்சுவது ஒரு கிணற்று விளிம்பு, கோயில் மரம், பேர் அழிந்த சில கல்லறைகள்.

ஜொகூர் லாமாவுக்காவது ஒரு சுல்தான் இருந்தார்; அரச வரலாற்றில் பேர் ஏறியது. இன்று அங்கே அருங்காட்சியகமும் உண்டு. பால்மரம் வெட்டியவர்களின் ஊரை யார் எழுதி வைப்பார்கள்?

நாம்தான். பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். தோட்டத்தின் பேர், எத்தனை லயம், கோயில் எந்தப் பக்கம், கிணறு எங்கே, எந்த ஆண்டு வெளியேறினீர்கள் என்று கேட்டு, ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய படங்களின் பின்னால் பேரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

பீங்கான் மண்ணுக்குள் நானூறு ஆண்டு காத்திருக்கும். பாட்டியின் ஞாபகம் அத்தனை நாள் காத்திருக்காது.