கம்பனிகிட்டயும் உறுதி கெடையாது

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில், என் அத்தை பதினாறு வருஷமாகத் தைக்கிறார். ஸ்கூல் யூனிபோம், சாரி பிளவுஸ், திருவிழா வந்தால் பாவாடை சட்டை. போன வருஷம் ஓவர்லொக் மெஷின் ஒன்று வாங்க வங்கியில் கடன் கேட்டார். அங்கே கேட்ட முதல் கேள்வி: "பி.ஆர். இருக்கா?"

பி.ஆர். என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். உங்கள் யாவாரம் உண்மையான யாவாரம்தான் என்று அரசாங்கம் தருகிற கடதாசி. 1918ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு. பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டும். கம்பஸ் போற பிள்ளை என்று படிவத்தை என்னிடம்தான் தந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில் எல்லாம் எழுதியாச்சு. வியாபாரம் நடக்கும் இடத்துக்கு என்ன ஆதாரம் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம். உறுதி வேண்டும், இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம், அதுவும் இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம்.

"தோட்டத்துல கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள் செயலகத்தில். தோட்ட ஆபீசில் சொன்னது: "காம்பரா கம்பனிச் சொத்து. குடியிருக்கத்தான் குடுத்திருக்கு, யாவாரம் பண்ண இல்ல." அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் இங்கதானப்பா பொறந்தேன், அத யார்கிட்ட எழுதி வாங்குறது?"

கம்பனிச் சொத்து என்ற அந்தப் பேச்சைக் கொஞ்சம் பார்ப்போம். 1992இல் அரசாங்கம் தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது. விற்கவில்லை. 53 வருஷக் குத்தகை. ஆரம்பத்தில் குத்தகைப் பணம் ஒரு தோட்டத்துக்கு வருஷம் 500 ரூபா. (மாசம் இல்லை, வருஷம். தோட்டத்துக்கு.) 1996இல்தான் அது உயர்த்தப்பட்டது. ஆக, கம்பனியும் குடியிருப்பாளர்தான். நிலத்துக்கு உறுதி அதனிடமும் இல்லை. ஆனால் அந்தக் குத்தகைக் கடதாசியை வைத்து அது வங்கிக் கடன் எடுக்கலாம், பங்குச் சந்தையில் பட்டியலிடலாம், கொழும்பில் தலைமையகம் நடத்தலாம். நாலு தலைமுறை ஒரே காம்பராவில் இருந்த எங்களுக்கு ஒரு தையல் மெஷினுக்கு அந்தக் குத்தகைக்காரரிடம் அனுமதி வேண்டும்.

கம்பனிகளுக்கு இதற்கு மேலேயும் ஒரு கடதாசி இருக்கிறது. நன்னிலைச் சான்றிதழ். கம்பனிப் பதிவாளர் தருவார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவாகி, வருடாந்த அறிக்கையை ஒழுங்காகக் கொடுத்து, இடாப்பிலிருந்து பெயர் வெட்டப்படாமல் இருந்தால் சரி. வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்டால் நீட்டலாம். ஆளுக்குச் சம்பளம் சரியா, லயத்துக் கூரை ஒழுகுதா என்று அதில் யாரும் கேட்பதில்லை. ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று அரசாங்கமே நடத்துகிற தோட்டங்களில் தொழிலாளரின் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். நிலுவை வருஷக்கணக்கில் கிடந்தது. பாராளுமன்றத்திலும் எத்தனையோ தடவை பேசியாச்சு. அந்த நிறுவனங்களைப் பார்த்து "நீங்க நல்ல நிலையில இருக்கீங்களா?" என்று எந்த கவுண்டரில் கேட்டார்கள்?

"வீட்டிலிருந்தே ஒன்லைனில் கம்பனி பதியலாமே" என்பார்கள் டவுன் நண்பர்கள். பதியலாம். அதற்கும் பதிவு அலுவலக முகவரி வேண்டும். செயலாளர் வேண்டும், வருஷா வருஷம் அறிக்கைக் கட்டணம் வேண்டும். எங்கள் கடிதமே தோட்ட ஆபீசுக்குத்தான் வருகிறது, அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது வேறு கதை.

இந்த விளையாட்டு புதுசும் இல்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்துவிட்டு 1949இல் ஒரு சட்டம் போட்டார்கள். இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபி, திருமணமானவர் 7 வருஷம், மற்றவர் 10 வருஷம் என்றது அது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. வாழ்ந்தது பொய் இல்லை, காட்டக் கடதாசி இல்லை. 2003க்குப் பிறகு நாங்கள் பிரஜைகள், சரி. பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யத் தடையாக இருந்த 33ஆம் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. ஆனால் துரையின் கையெழுத்து மட்டும் இன்னும் எல்லாக் கவுண்டருக்கும் முன்னால் நிற்கிறது.

காணி உரிமை வரும்வரை காத்திருங்கள் என்று சொல்ல வேண்டாம். 7 பேர்ச், 10 பேர்ச் என்று கேட்டே காது புளித்துவிட்டது. பி.ஆருக்குக் காணி தேவையே இல்லை, ஒரு சுற்றுநிருபம் போதும். லயத்தில் நடக்கும் சிறு தொழிலுக்கு கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றும் வாக்காளர் இடாப்பும் இட ஆதாரமாக ஏற்கப்படும் என்று ஒரு பக்கம் எழுதினால் முடிந்தது. தேர்தல் வந்தால் லயத்து இலக்கத்தோடு எங்களைக் கண்டுபிடிக்கிற அதே இடாப்புத்தான்.

அத்தை இப்போது டவுன் கடையொன்றுக்குத் தைத்துக் கொடுக்கிறார். பி.ஆர். கடைக்காரருடையது, பில்லும் அவருடையது. கொலருக்கு உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லி லேபல் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார், அவர் கடைப் பெயர் போட்டு.