குட்டை இருக்கட்டும்... யார் பார்த்துக்குவாங்க?

போன செமஸ்டர் ஐ.வி.க்கு ஒரு திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் போயிருந்தோம். ராட்சத இயந்திரத்தின் முன்னாடி நின்னு எல்லாரும் செல்ஃபி எடுத்தாச்சு. திரும்பும் வழியில், மரக்கன்று நட்ட மண்மேட்டின் அடிவாரத்தில் ஒரு குட்டை. "மழை பெஞ்சா மேட்டுலேர்ந்து வர்ற சேறு இதுல தங்கிடும், தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளியே போகும்" என்று விளக்கினார் கூட வந்த பொறியாளர். "சுரங்கத்தை மூடின பிறகு இதை என்ன சார் பண்ணுவீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "இருந்துட்டுப் போகட்டுமே, தண்ணிதானே!" என்றார். சிரிச்சுட்டு பஸ் ஏறிட்டோம்.

அந்த "இருந்துட்டுப் போகட்டுமே" எனக்கு இன்னும் உறுத்துது. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சுரங்கக் குட்டையை நிரந்தரமா வைக்கலாம். ஆனால் பராமரிக்க ஆளும் பணமும் யாருடையது என்று எழுத்தில் இல்லாத குட்டையை, சுரங்க நிறுவனம் கிளம்புவதற்கு முன் கரையை உடைத்துச் சமன்படுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

"தண்ணியை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா?" என்று நீங்க கேட்பீங்க. நியாயம்தான். மாடு குடிக்கும், பறவை வரும், பக்கத்துக் கிணறு ஊறும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நிலக்கரி எடுத்து முடித்த நிலங்களில் இப்படிப் பல குட்டைகள் நிரந்தரமாக விடப்பட்டிருக்கின்றன. நில உரிமையாளர்களே கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. ஆனா இன்னொரு பக்கத்தையும் பாருங்க. குட்டையை அகற்றணும்னா தண்ணீரை இறைக்கணும், சேற்றை அள்ளணும், கரையை வெட்டணும், சரிவைச் சீராக்கிப் புல் வளர்க்கணும். எல்லாமே செலவு. அப்படியே விட்டுட்டா அந்தச் செலவு மிச்சம். "ஊருக்கு நல்லது" என்பதும் "எங்களுக்கு மிச்சம்" என்பதும் ஒரே குட்டையில் சேரும்போது, எது உண்மையான காரணம் என்று நாமதான் பிரிச்சுப் பார்க்கணும்.

அதைப் பிரிக்க அமெரிக்காவில் ஒரு சட்டமே இருக்கு. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அது நம்ம சின்னக் குட்டை இல்லை, பெரிய கழிவு அணை. ஆனாலும் சுரங்கத்துக்கு மேல் தேங்கி நிற்கும் தண்ணீரை நாடு பார்த்த பார்வையே அதன்பின் மாறியது. 1977இல் சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள்படி வண்டல் குட்டை அடிப்படையில் தற்காலிகமானது. மறுபடி வளர்த்த செடிகொடி வேர்பிடித்த பிறகு அகற்றியாக வேண்டும். நிரந்தரமாக வைக்கணும்னா ஆறு விஷயங்களைக் காட்டணும்: பயன்பாட்டுக்கு ஏற்ற அளவு, நிரந்தரமாகத் தாங்கும் நீர்த்தரம், நிலையான நீர்மட்டம், பாதுகாப்பாக இறங்கி ஏற வழி, அக்கம்பக்கத்தாரின் தண்ணீருக்குக் குறை வராமை, சுரங்கத்துக்குப் பிந்தைய நிலப் பயன்பாட்டோடு பொருத்தம்.

ஆறும் நல்ல கேள்விகள். ஆனா ஏழாவது கேள்விதான் என் கவலை: முப்பது வருஷம் கழித்து?

ஹைட்ராலஜி நோட்டை எடுங்க. அந்த விதிகளில், சிறிய, ஆபத்துக் குறைந்த குட்டைகளின் கலிங்குக்கு 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் 6 மணி நேர மழையே குறைந்தபட்ச அளவு. ஏதாவது ஒரு வருஷம் அந்த மழையை மிஞ்ச வாய்ப்பு 4 சதவீதம். 30 வருஷத்தில் ஒருமுறையாவது மிஞ்ச? 0.96ஐ முப்பது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழிங்க: சுமார் 71 சதவீதம். மிஞ்சினா கரை உடைஞ்சே தீரும்னு அர்த்தமில்லை. ஆனா கலிங்கு சுத்தமா இருக்கணும், கரையில் மரம் வேர்விட்டுப் பொந்து விழாம இருக்கணும். அதைப் பார்க்க ஓர் ஆள் வேணும். நிறுவனமோ, செடி வளர்ந்ததுன்னு உறுதியானதும், அதாவது மழை நிறைய பெய்யும் பகுதிகளில் குறைந்தது 5 வருஷம் கழித்து, பிணைத்தொகையைத் திரும்ப வாங்கிட்டுப் போயிடும். பிறகு கரை நில உரிமையாளர் தலையில்.

இன்னும் ரெண்டு விஷயம். இந்தக் குட்டை சேறு பிடிக்கவே வெட்டப்பட்டது, அதனால் தூர்வாரலேன்னா மேடாகிடும். நிலக்கரியோடு பைரைட் இருந்தால், காற்றும் தண்ணியும் பட்டு அமிலம் உருவாகும். கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணியில் மீனே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, முதல்ல பி.எச். பாருங்க.

நம்ம ஊருக்கு இது தூரத்துக் கதை இல்லை. நெய்வேலி நமக்குப் பக்கம்தான். நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் திட்டத்துக்கு மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மூடும் செலவுக்காக ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் போடவும் அதில் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனா மூடுவது ஒருமுறை வேலை, கரை காப்பது ஆயுசுக்கும் வேலை. நிரந்தரமாக விடும் ஒவ்வொரு குட்டைக்கும் அதே போல ஒரு பராமரிப்பு நிதியும், அது எந்த அமைப்பின் பெயரில் என்பதும் மூடும் திட்டத்திலேயே இருக்கணும் என்கிறேன்.

இது புதுசா யோசிக்க வேண்டிய விஷயமும் இல்லை. உத்திரமேரூர் கல்வெட்டுன்னா குடவோலைத் தேர்தல் என்று ஸ்கூலில் மனப்பாடம் செய்தோம். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமித்தார்கள். கரையும் மதகும் கலிங்கும் மட்டும் இருந்தால் ஏரி ஆகாது, தூர்வாரும் ஊரும் இருக்கணும். ஊர் இல்லாத குட்டை, வெறும் பள்ளம்.

அடுத்த ஐ.வி.யில் நீங்க போகும்போதும் யாராவது "இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு சொல்வாங்க. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், தூர்வாரும் பில் யார் பேருக்கு வரும்?" அன்னிக்கு நாங்க கேட்காம விட்டது அதைத்தான்.