பழைய ஆயுதப் பெட்டி

எம்மிடம் முன்னர்க் கல்வி பயின்ற ஒருவர் அண்மையில் எமது இல்லம் வந்திருந்தார். கராச் நடத்திவந்த அவருடைய தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைவெய்தியிருந்தது.

"ஐயாவின் ஆயுதப் பெட்டி துருப்பிடித்துக் கிடக்கிறது, சேர். பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுப்பதாகச் சொல்கிறார். கொடுத்துவிடட்டுமா?" என்று வினவினார். தோட்டத்திலுள்ள பழைய ஆங்கில நீரிறைப்பு இயந்திரத்தைத் திருத்த முயன்று, 14 மில்லிமீற்றர் ஸ்பனரால் ஒரு நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிட்டதையும் கூறி வருந்தினார்.

நாம் அவருடன் சென்று பெட்டியைத் திறந்தோம். ஒரு ஸ்பனரின் துருவைத் துடைத்தபோது, ஒரே வாயருகே 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ். என்ற குறிகள் தென்பட்டன. மழுங்கிய நட்டுக்கு உரிய ஆயுதம் அதுவே!

1841ஆம் ஆண்டில் ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், திருகுப் புரிகள் யாவும் 55 பாகைக் கோணத்தில் ஒரே ஒழுங்காய் அமையவேண்டும் என்று முன்மொழிந்தார். அம்முறைக்குரிய ஸ்பனரில் பொறித்த எண் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் விட்டத்தையே குறிப்பது. 1/4 டபிள்யூ ஸ்பனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீற்றர் அகலமுடையது. ஆகவே அதற்குரிய நட்டில் 13 நுழையாது. 14 நழுவி மூலைகளைத் தின்றுவிடும். 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் 60 பாகைப் புரிக்கு உடன்பட்டபின் பழைய முறை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. எனினும் அக்கால இயந்திரங்கள் உள்ளவரை அந்த ஸ்பனர்களின் தேவையும் உண்டு.

துரு நீக்குதல் அரிய வித்தையன்று. முதலில் மண்ணெண்ணெயால் அழுக்கைக் கழுவுக. பின்னர் ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்க்குக. அப்பச்சோடா கரைத்த நீரில் அலசிப் புளிப்பை அகற்றி, நன்றாக உலர்த்தி, இயந்திர எண்ணெயை மெல்லிதாகப் பூசுக. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும். முலாம் பூசியவற்றை வினாகிரியில் இடலாகாது. சாணைச் சில்லில் பிடித்தால் குறிகள் அழியும். சூடேறினால் உருக்கின் உரமும் கெடும். வாய் விரிந்த ஸ்பனரையும் வெடிப்புக் கண்ட சுத்தியலையும் காட்சிக்கு வைக்கலாம்; வேலைக்கு எடுத்தல் ஆபத்து.

இரு வாரங்களின்பின் அவர் மீண்டும் வந்தார். எஞ்சிய விளிம்புகளைப் பற்றி அந்த ஸ்பனர் நட்டைக் கழற்றிவிட்டதாம். இயந்திரமும் நீர் இறைக்கின்றதாம். ஸ்பனரையும் கொண்டுவந்து காட்டினார். கைப்பிடியில் தந்தையார் உளியால் கொத்திய பெயரின் முதலெழுத்துத் துலங்கிற்று.

"இதைத் தேய்த்து அழித்துவிடாதீர்" என்றோம். "அழிப்பேனா, சேர்?" என்றார்.

ஆயுதபூசை நாளிலே ஆயுதங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். ஏனைய நாள்களில் அவற்றைத் துருவுக்கு இரையாக்குதல் தகுமா? மாணவர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பெட்டி கிடக்கலாம். அதை நிறுக்கக் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.