பேகன் வீட்டுக் கணக்கு

குழந்தைக்குப் பொறுப்புணர்ச்சி வரவேண்டுமானால் ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்கள் என்று ஓர் உபதேசம் நம் நடுத்தரக் குடும்பங்களில் இப்போது உலவி வருகிறது. பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மேடையில் பேசுகிறார்கள். அடுத்த வீட்டு மாமியும் சொல்கிறாள். பிராணியை வளர்க்கிற குழந்தைக்குக் கருணை வரும், ஒழுங்கு வரும், நாளைக்குப் பெரியவனாகும் பக்குவம் வரும் என்பது வாதம். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பொறுப்பு வரவேண்டியவனுக்கு அது வருவதில்லை. ஏற்கெனவே பொறுப்பு தலைக்கு மேல் இருக்கிறவளுக்கு இன்னும் ஒன்று கூடுகிறது. அவ்வளவுதான்.

அவள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

குட்டி வந்து பதினைந்து நாள் வரையில் வீடே திருவிழாக் கோலம். பெயர் வைப்பதற்கு ஒரு மாநாடு. மடியில் வைத்துக்கொள்வதற்கு அடிதடி. படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பியாகிறது. பதினாறாம் நாள் பையனுக்குப் பரீட்சை வந்துவிடும். பெண்ணுக்குப் பாட்டு வகுப்பு. அப்பாவுக்கு ஆபீசில் ஆடிட். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு நாயைத் தெருவுக்கு அழைத்துப் போகிறவள் அம்மா. அது கூடத்தை அசுத்தம் செய்தால் துடைக்கிறவள் அம்மா. அது சாப்பிடாவிட்டால் கவலைப்படுகிறவளும் அம்மாதான். "எங்கள் வீட்டு நாய் அம்மாவிடம்தான் ஒட்டுதல்" என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒட்டாமல் என்ன செய்யும்? சோறு போடுகிற கை எதுவென்று நாய்க்காவது தெரிந்திருக்கிறதே!

உடல் உழைப்பை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அதை நம் சமூகம் என்றைக்குமே கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. பணத்தைப் பற்றிப் பேசுவோம்.

குட்டியின் விலை எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதை இரண்டு முறை சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு ஆகிற செலவுதான் யாருக்கும் தெரியாது. முதல் சில மாதங்களில் வரிசையாகத் தடுப்பூசிகள். பிறகு வெறிநாய்க்கடி நோய் வராமல் தடுக்க வருஷா வருஷம் ஊசி. குடற்பூச்சி மருந்து, உண்ணி மருந்து, தீனி. குடும்பம் கல்யாணத்துக்கு வெளியூர் போனால் நாய்க்கு விடுதி. இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? ஒன்றாம் தேதி "வீட்டுச் செலவுக்கு" என்று அம்மா கையில் கொடுக்கிறார்களே, அந்தத் தொகையிலிருந்து வருகிறது. நாய் வந்த மாதத்தில் அந்தத் தொகை ஒரு ரூபாயாவது ஏறிய வீடு எத்தனை? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிச்சமிருக்கும்.

ஒரு பேச்சுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 36,000. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் உயிர் வாழும் பிராணி. பன்னிரண்டு வருஷத்துக்கு 4,32,000 ரூபாய். விலைவாசி ஏறுவதையும், ஆபரேஷன் என்று ஒன்று வந்தால் ஆகிற செலவையும் நான் சேர்க்கவில்லை. பத்து வயதுப் பையனுக்குப் பொறுப்பு வரட்டும் என்று வாங்கிய குட்டி, அவனுக்கு 22 வயது ஆகும்வரை இருக்கும். அவனோ 18 வயதில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். கண்ணில் புரை விழுந்து, பின்னங்கால் இழுத்து, மாடிப்படி ஏற முடியாமல் கிடக்கிற கிழ நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறவள், தானே முழங்கால் வலியோடு இருக்கிற அம்மா. பையன் போனில் விசாரிப்பான். "பாவம்மா, நல்லாப் பார்த்துக்கோ" என்பான். அவன் கற்றுக்கொண்ட பொறுப்பு அவ்வளவுதான்.

சிறுவனை விடுங்கள். சம்பாதிக்கிற மகன் விஷயம் இதைவிட மோசம்.

1875-ஆம் வருஷத்துச் சட்டப்படி 18 வயது நிரம்பியவன் மேஜர். 1989-லிருந்து அந்த வயதில் வோட்டும் போடலாம். நாட்டை யார் ஆளவேண்டும் என்று முடிவு செய்கிற யோக்கியதை அவனுக்கு உண்டு. ஆனால் அவன் வீட்டில் மாதம் பாலுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேளுங்கள். விழிப்பான். கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. இருபத்தைந்து வயதில் கைநிறையச் சம்பளம் வாங்குகிற இந்த மேஜர், ஒரு நாள் தவணையில் ஒரு வெளிநாட்டு ஜாதிக் குட்டியை வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் விடுகிறான்.

"என்னப்பா இது, என்னைக் கேட்கவே இல்லையே?"

"சர்ப்ரைஸ் அம்மா! உனக்குத்தான் பகலெல்லாம் பேச்சுத் துணை இல்லையே."

அம்மாவுக்குத் துணை என்ற பெயரால் அம்மாவுக்கு வேலை! தவணையை அவன் கட்டுகிறான், உண்மை. மற்றதெல்லாம் மளிகைப் பணத்திலிருந்து போகிறது. அவனைச் சொல்லியும் முழுக்குற்றமில்லை. அவனை அப்படி வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். "குழந்தைக்கு எதற்குப் பணக்கவலை?" என்று இருபத்தைந்து வருஷம் கணக்கு நோட்டை அவன் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, இருபத்தாறாம் வருஷம் கல்யாணத்தைச் செய்து வைத்து, "இனிமேல் நீ பெரிய மனுஷன்" என்கிறோம். தாலி கட்டினால் வயது வந்துவிடுமா? சம்பாதிப்பதும் முதிர்ச்சி அல்ல. தான் ஆசைப்பட்ட காரியத்துக்கு யார் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று தெரிந்திருப்பதுதான் முதிர்ச்சி. அந்த அளவுகோலை வைத்தால் நம்மில் நாற்பது வயதுக் குழந்தைகளும் அறுபது வயதுக் குழந்தைகளும் ஏராளம்.

நம் வீடுகளில் பணத்தைப் பற்றி மூன்று ரகசியங்கள் உண்டு. கணவன் தன் முழுச் சம்பளத்தை மனைவியிடம் சொல்வதில்லை. மனைவி தன் சிறுவாட்டுப் பணத்தைக் கணவனிடம் சொல்வதில்லை. இருவரும் சேர்ந்து வீட்டுக் கடனைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. இப்படி ஒருவருக்கொருவர் ஒளித்து விளையாடுகிற இடத்துக்குக் குடும்பம் என்று பெயர்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கிறதா? மறுநாளிலிருந்து அரிசி டப்பாவிலிருந்தும், புடவை மடிப்பிலிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் நோட்டுகள் வெளியே வந்தன. பெண்கள் வேறு வழியில்லாமல் அவற்றைக் கணவன்மார்களிடம் எடுத்துக் கொடுத்தார்கள். அதை வைத்து எத்தனை ஹாஸ்யத் துணுக்குகள்! ஆண்கள் கூடிக் கூடிச் சிரித்தார்கள். சிரித்தவர்களை நான் ஒன்று கேட்கிறேன். சொந்த வீட்டில், சொந்தப் புருஷனுக்குத் தெரியாமல் ஐந்நூறு ரூபாயை ஒளித்து வைக்கவேண்டிய நிலைமை ஒரு பெண்ணுக்கு ஏன் வந்தது? கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் யாராவது அரிசிக்குள் பணத்தைப் புதைப்பார்களா? அந்தப் பணம் எதற்காக? மகள் பிரசவத்துக்கு வந்தால், மகனுக்குத் திடீரென்று பீஸ் கட்ட வேண்டி வந்தால் என்றுதான். நாய்க்கு உடம்புக்கு வந்தால் டாக்டர் பீஸும் அந்த டப்பாவிலிருந்துதான். ஆக, வீட்டில் உள்ளவர்கள் கருணை காட்டுகிறார்கள். கருணையின் செலவு அரிசி டப்பாவில் ஏறுகிறது.

இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன். தோகை விரித்து ஆடிய மயில் குளிரில் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன். இரண்டாயிரம் வருஷமாக அவன் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கிறோம். ஆனால் புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகளை நம் வாத்தியார்கள் அவ்வளவாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து, அவளைக் கண்ணீரில் விட்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காக வாதாட வேண்டியிருந்தது. பொன்னும் மணியும் வேண்டாம், நீ அவளிடம் திரும்பிப் போவதுதான் எங்களுக்குப் பரிசில் என்று கேட்டார்கள். மயிலின் குளிர் தெரிந்த மகானுக்கு மனைவியின் குளிர் தெரியவில்லை! அவன் வள்ளல் அல்ல என்று நான் சொல்லவில்லை. தெருவில் தெரிகிற கருணை சுலபம், அடுக்களைக்குள் காட்டவேண்டிய கருணை கடினம் என்று சொல்கிறேன். அந்தக் கண்ணகிக்காவது நான்கு புலவர்கள் கிடைத்தார்கள். நம் வீட்டு அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? தொடர்கதையில் வருகிற தாயின் தியாகத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற வாசகர்கள் இருக்கிறார்கள், படித்து முடித்ததும், "அம்மா, காப்பி!" என்கிறார்கள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார்: "அன்புக்குப் போய்க் கணக்குப் பார்க்கலாமா? எங்கள் தாத்தா காலத்தில் வாசலில் நாலு நாய் கிடக்கும். மிஞ்சிய சோற்றைப் போடுவோம். யார் கணக்குப் பார்த்தார்கள்?"

ஐயா, தாத்தா காலத்து நாய் வாசலில் கிடந்தது. உங்கள் நாய் மூன்றாவது மாடியில் கட்டிலில் கிடக்கிறது. அந்த நாய் வயல் காத்தது, பட்டி காத்தது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் வேலை செய்து சாப்பிட்ட ஜாதிகள். அதையும் பொற்காலமென்று நினைக்க வேண்டாம். அந்த நாய்களுக்கு ஊசி கிடையாது. பாஸ்டர் 1885-ல் வெறிநாய் கடித்தவனுக்கு ஊசி போட்டு நோய் வராமல் தடுத்துக் காட்டினார். குன்னூரில் அவர் பெயரால் நிலையம் வந்தது 1907-ல். அதற்கு முன்னால் வெறிநாய் கடித்து நோய் கண்டவன் கதி என்ன? நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம் நிச்சயம் என்பது இன்றைக்கும் மாறவில்லை. ஆகவே தாத்தா காலத்திலும் செலவு இருந்தது. பணமாகக் கொடுக்கவில்லை, சில பேர் உயிராகக் கொடுத்தார்கள். கணக்குப் பார்க்காத அன்பு என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. நாம் எழுதாத கணக்கை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வேறு யாரோ கட்ட முடியாமல் போகிற நாளில் என்ன நடக்கிறது? அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது. அம்மா படுத்த படுக்கையாகிறாள். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். ஒரு நாள் இரவு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், புறவழிச் சாலையில் கதவைத் திறந்து இறக்கிவிட்டு வருகிறார்கள். அது வண்டியின் பின்னால் ஓடிவருகிறது. தெருநாய்க்கு இருக்கிற சாமர்த்தியம் அதற்கு இல்லை. லாரியைக் கண்டு ஒதுங்கத் தெரியாது. எச்சில் இலையில் போட்டி போடத் தெரியாது. கழுத்துப் பட்டையின் தடம் மட்டும் இருக்கிறது.

இதைச் செய்வது குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் மசோதா கொண்டுவந்து மன்றாடியதன் பயனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது அதன்படி தண்டனைக்குரியது. முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960-ல் ஐம்பது ரூபாய் ஒரு குமாஸ்தாவின் வயிற்றைக் கலக்கியிருக்கும். இன்றைக்கு அது ஓட்டலில் ஒரு வடைக்கும் ஒரு காப்பிக்கும் ஆகிற செலவு. இவ்வளவு மலிவான தண்டனைக்கு யார் பயப்படுவார்கள்? தருமபுத்திரர் சொர்க்கத்தின் வாசலில் நின்று, கூட வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்றார். அவர் அதைத் தவணையில் வாங்கவில்லை. அதுவாகப் பின்னால் வந்தது. நாமோ ஆசைப்பட்டு வாங்கியதை விட்டுவிட்டு, வாடகை வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

பிராணியே வேண்டாம் என்பதா என் கட்சி? இல்லை. நாய் இருக்கிற வீடு நல்ல வீடுதான். கணக்கு இருக்கிற வீட்டில் நாய் இருக்கட்டும் என்கிறேன்.

வழி ஒன்றும் பிரமாதமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அதைச் சாப்பாட்டு மேஜையின் மேல், எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். அப்பாவின் முழுச் சம்பளமும், மகனின் முழுச் சம்பளமும், வீட்டுக் கடனும் அதில் ஏறட்டும். அம்மாவின் பெயருக்கு நேராக, யாரும் கேள்வி கேட்கக் கூடாத ஒரு தொகையும் ஏறட்டும். அரிசி டப்பாவில் அரிசி மட்டும் இருக்கட்டும். பத்து வயதுப் பையன் அதைப் படிக்கட்டும், கெட்டுப்போய்விட மாட்டான். பிறகு நாய்க்கு ஒரு பத்தி போடுங்கள். காலை ஐந்தரை மணி நடைக்கு யார், ஊசிக்கு யார், பத்தாவது வருஷம் கிழ நாயைத் தூக்குவதற்கு யார் என்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாதம் மூவாயிரம் யார் பையிலிருந்து என்பதற்கு, ஆசைப்பட்டவன் முதல் கையெழுத்தைப் போடட்டும். சின்னப் பையனானால் பிறந்த நாள் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கட்டும். அம்மாவின் பெயர் அதில் வரவேண்டுமானால் அவளே தன் கையால் எழுதட்டும். அவளுக்காக வேறொருவர் எழுத வேண்டாம்.

அந்தப் பத்தி நிரம்பினால், நாளைக்கே போய்க் குட்டியைக் கொண்டுவாருங்கள். தெருமுனையில் கிடக்கிற குட்டியானாலும் போதும். அதற்கும் பசி ஒன்றுதான். பத்தி நிரம்பவில்லையா? நாய் வேண்டாம். நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் முதலில் பெரியவர்களாக வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.